அத்தை மகன் இல்லாத கதை

வெயிலுகந்தம்மாளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் கதை வாசித்த நாளெல்லாம் அவளுடைய சட்டத்திலும் நான்தான் குச்சி அடுக்கியிருக்கிறேன். ஒரு நாளாவது “பத்திரகாளி, கை வலிக்குதாட்டி?” என்று கேட்டிருப்பாளா? மாட்டாள். அடுத்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பதிலேயே இருப்பாள் மகராசி.

கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீசில் அது ஒரு ஏற்பாடு. பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவோம். சட்டக் கணக்குக்குத்தான் கூலி. வாசிக்கிறவளுக்குக் கை ஓடாது அல்லவா? அதனால் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுடைய அத்தை பெத்தம்மாளும் அவள் சட்டத்தையும் சேர்த்து நிரப்பிவிடுவோம். கணக்கப்பிள்ளை கண்டும் காணாமலும் இருப்பார். கதை ஓடுகிற நேரத்தில் ஒருத்தியும் எழுந்து வெளியே போகமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

வெயிலு இடைசெவல்காரி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டாள். தூக்கி வளர்த்தது பெத்தம்மாள் அத்தை. எட்டாவது வரை படிக்க வைத்ததும் அத்தைதான். அத்தைக்கு ராமசுப்பு என்று ஒரே மகன், கயத்தாற்றில் லாரி ஓட்டினான். வெயிலு அவனுக்குத்தான் என்பது யாரும் பேசி முடிவு செய்த விஷயம் இல்லை. அது அப்படித்தான், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னச் சின்ன மாத நாவல்கள் நிறைய வந்துகொண்டிருந்தன. அழுகைக் கதை எங்களுக்கு வேண்டாம், அது வீட்டிலேயே வேண்டியமட்டும் கிடக்கிறது. சிரிப்பும் காதலுமாக இருக்கிற கதைதான் வேண்டும். வெயிலு முதலில் வாசித்த கதையில், மெட்ராசில் வாடகைக்கு வீடு கேட்டு ஒருவன் வருகிறான். வீட்டுக்காரி மகள் அவனைக் காய்கறிக்காரன் என்று நினைத்து, “நேத்துக் குடுத்த கத்திரிக்காய் பூரா சொத்தை” என்று விளாசுகிறாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிக் குச்சி கீழே விழுந்தது.

ஆனால் அவன் அவளைக் காதலிக்க ஆரம்பித்ததும் எதிர் வரிசையில் இருந்த சீனித்தாயக்கா கையை நிறுத்திவிட்டாள். “ஏட்டி, இவன் அவளுக்கு என்ன முறை வேணும்?”

“முறை ஒண்ணும் இல்லக்கா. வீடு கேட்டு வந்தவன்.”

“அட பாவி! அண்ணன் தம்பி முறையா இருந்துட்டா? யாரு என்னன்னு தெரியாம எப்படிட்டி சிரிக்க?”

நியாயம்தானே? எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. வெயிலு ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். “அவளோட அத்தை மகன்தான். சின்ன வயசுலயே ரெண்டு குடும்பமும் பிரிஞ்சு போச்சாம்,” என்றாள். அப்பாடா என்று எல்லாரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தோம்.

புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வேலை முடிந்து ஊர் திரும்புகிற பஸ்ஸில், அத்தை காதில் விழாமல், என்னிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் வாசித்த கதாநாயகன் ஒவ்வொருவனும் அத்தை மகன்தான். டாக்டர் அத்தை மகன், பேங்க் மானேஜர் அத்தை மகன். பெத்தம்மாளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாத்தீகளா, மெட்ராஸ்லயே அத்தை மகனைத்தான் கட்டுதாவ!” என்பாள்.

அந்த நாவல்களை வாடகைக்குக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை மாதிரி ஒரு நூலகம். நடத்தியவர் செண்பகராஜ், கடம்பூர்க்காரர். எங்கள் ஆட்கள்தான், ஆனால் எங்கே தேடினாலும் சொந்தம் வராது. வெயிலு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது “எந்த இடத்துல சிரிச்சீக?” என்று கேட்பார். அவள் சொல்வாள். “நானும் அங்கனதான்,” என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் பக்கத்தில் நின்று பஸ் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ராமசுப்பு தங்கமான பையன். ஆனால் வெயிலு தனியாகச் சிரித்தால், “என்னத்துக்கு இளிக்க?” என்று கேட்கிறவன்.

கார்த்திகை முடிவில் பெத்தம்மாள், “தை பிறந்ததும் பரிசம் போட்டிருவோம்,” என்றாள். அன்று பஸ்ஸில், அத்தை கண்ணில் படாமல், வெயிலு அழுத அழுகை!

“நீதானட்டி மெட்ராஸ் பூரா அத்தை மகனா நட்டு வச்ச? இப்பம் அழு,” என்றேன். மனசு கேட்கவில்லை. “அந்தப் புஸ்தகக்காரரைப் பத்தி அத்தைகிட்ட வாயைத் தொறந்து சொல்லேம்ட்டி.”

“எப்படிச் சொல்ல? எனக்கு அம்மா முகம் ஞாபகம் இல்ல, பத்திரகாளி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அத்தை முகம்தான்.”

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கதை ஆரம்பித்தாள். பஸ்ஸில் பை மாறிப்போன இரண்டு பேர். அவன் ஆபீஸ் கூட்டத்தில் பையைத் திறந்தால் உள்ளே முறுக்கு. அவள் வீட்டில் திறந்தால் சவரம் பண்ணுகிற பிரஷ். சிரித்து முடித்ததும் சீனித்தாயக்கா வழக்கம்போல, “அத்தை மகன்தான?” என்றாள்.

“இல்லக்கா. யாரோ எவரோ,” என்றாள் வெயிலு.

கசமுசா என்று பேச்சு எழுந்தது. அவள் நிறுத்தாமல் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அந்த முறுக்குப் பைக்காரனை எல்லாருக்கும் பிடித்துப் போனது. சீனித்தாயக்காவே, “நல்ல பையனாத்தான் தெரியுதான்,” என்றுவிட்டாள். பெத்தம்மாள் மட்டும் தலை நிமிரவில்லை. குச்சி அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்தோடு கதை முடிந்தது. அப்போதுதான் பெத்தம்மாள் கேட்டாள்: “அந்தப் புள்ளைக்கு ஒரு அத்தை உண்டுமாட்டி?”

வெயிலு புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, “உண்டும் அத்தை,” என்றாள்.

“அவ என்ன ஆனா? யாரையோ கட்டிக்கிட்டுப் போனவ அத்தையப் பாக்க வருவாளா?”

“வருவா. வாரா வாரம் வருவா. அத்தை கையால சாப்பிட்டாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.”

பெத்தம்மாள் அடுக்கி முடித்த சட்டத்தைத் தள்ளி வைத்தாள். “இது புஸ்தகத்துல இல்ல.”

“அத்தை...”

“எனக்கு எழுத்துத் தெரியாது, உன் கண்ணு தெரியும்ட்டி. அத்தை மகன் வார இடத்துல நீ ஒரு தடவகூடப் புஸ்தகத்தைப் பாத்து வாசிச்சதில்ல. எனக்காகத்தான் சொல்லுதன்னு நானும் சந்தோசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ராமசுப்புகிட்ட நான் பேசிக்கிடுதேன். இனிமே கதையில அத்தை மகனை எடுத்துரு. அத்தைய மட்டும் எடுத்துராத, தாயி.”

வெயிலு அப்படியே அத்தை மடியில் விழுந்தாள். சட்டம் இடறிக் குச்சியெல்லாம் சிதறியது. சீனித்தாயக்காவும் அழுதாள், கணக்கப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெத்தம்மாளே பேசி முடித்து, தையில் செண்பகராஜோடு கல்யாணம் நடந்தது. ராமசுப்புதான் லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் வெயிலு எங்களுக்கு வாசித்தாள். எந்தக் கதையானாலும் நடுவில் ஒரு அத்தை வருவாள், கதாநாயகிக்குக் காப்பி கொடுத்துத் திட்டிவிட்டுப் போவாள். அந்த இடம் வந்ததும் வெயிலு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பெத்தம்மாளைப் பார்ப்பாள்.

அவள் சட்டத்துக்குக் குச்சி? அப்போதும் நான்தான் அடுக்கினேன்.