திருப்பி மாட்டிய கதவு

சிதம்பரத்து ஹோட்டல் வாசலில் வாட்ச்மேன் அந்தத் தேக்குக் கதவைத் துணியால் தட்டித் துடைத்தார். வெண்கல மணிகள் குலுங்கின. அம்மாவும் நானும் அப்படியே நின்றுவிட்டோம்.

எங்கள் ஊர் முதுநகரில் இருந்த பங்களாவின் தலைவாசல் கதவு அது. சுனாமிக்கு மறுவருஷம் பங்களாவை இடித்து, தூண், கதவு, ஜன்னலையெல்லாம் லாரியில் ஏற்றி விற்றார்கள். அம்மா அங்கேதான் வீட்டுவேலை செய்தாள். கொல்லைப்புறமாக நுழைந்து, அந்தக் கதவின் தாழ்ப்பாளையும் மணிகளையும் உள்ளே நின்றபடி புளி போட்டு விளக்குவாள். அந்தப் புளிவாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஒருநாள் நான் விளையாட்டாக நிலைப்படியைத் தாண்டப் போனேன்.

"ஏ பொண்ணு, கொல்லப்பக்கமா போ!" என்று வீட்டுக்காரம்மா கத்தினார்.

அம்மா மணியெல்லாம் அலறும்படி அழுத்தி விளக்கினாள்.

"மெதுவாத்தான் வெளக்கேன்!"

"வெளக்குனா சத்தம் வரத்தாங்க செய்யும்."

ஹோட்டல்காரர்கள் கதவை மாற்றி மாட்டியிருந்தார்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் தெருவைப் பார்த்து இருந்தது.

"நான் வெளக்குன பக்கம்டி இது," என்று அம்மா சிரித்தாள்.

"அது சும்மா அழகுக்கும்மா. சைடுல கண்ணாடிக் கதவு இருக்கு, அப்படிப் போங்க," என்றார் வாட்ச்மேன்.

"சைடுல போனதெல்லாம் போதும்பா."

அம்மா தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவை இழுத்தாள். மணிகள் அத்தனையும் அலறின.