ஏறினால் தட்டும், ஏறாவிட்டால் தட்டாது

"நீலமேகம், முகத்துவார வழிகாட்டி. முடிவெடுப்பதில் வேகமானவன். எச்சரிக்கத் தயங்காதவன். தவறான வார்த்தை சொன்னதே இல்லை." பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் அவரைப் பற்றி எழுதி வைத்திருந்தது இது. கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. முன்னால் இருப்பவை பொய்யாக இருந்ததால்தான் அது உண்மையாக இருந்தது.

ஏரி கடலில் சேரும் இடத்தில் ஒரு பனங்கம்பம். மணல் மேடிட்டு வழி அடைத்தால் அதில் சிவப்புத் துணியை ஏற்ற வேண்டும். அந்தக் கொடி ஏறினால் கோட்டைப் படகு எதுவும் கடலுக்குப் போகாது. இவ்வளவுதான் வேலை. பதவிக்கு வந்த புதிதில் ஒருமுறை ஏற்றினார். அன்றே வெளி வியாபாரி ஒருவரின் படகு அதே வழியாகச் சிரமமில்லாமல் கடலுக்குப் போய்விட்டது. நீலமேகத்துக்குப் பிரம்படி கிடைத்தது. துணி அவர் குடிசையில் மடங்கிக் கிடந்தது.

அதன் பிறகு கோட்டையிலிருந்து யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்: "மணல் ஏறியிருந்தா படகு அடி தட்டும். ஏறலேன்னா தட்டாது."

துபாஷி கௌஸ் மைதீன் இதை மொழிபெயர்த்து அலுத்துப் போனார். "யோவ், கடலே இல்லாத ஊர்லயும் இது நெசந்தானே? இதுக்கா உனக்குப் படி அளக்குறாங்க?"

"தப்பா எதுனா சொன்னேனா, மரைக்காயரே?"

"தப்பாவே ஆவ முடியாத பேச்சுல சேதி இன்னாய்யா இருக்கு?"

கோட்டை அதிகாரியோ திருப்தியாக இருந்தார். கொடி இல்லை, ஆகவே வழி திறந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. விதி அப்படிச் சொல்லவே இல்லை. காய்ச்சல்காரன் வலை இழுக்க மாட்டான் என்றால், காய்ச்சல் இல்லாதவர்கள் எல்லோரும் வலை இழுப்பார்கள் என்று ஆகிவிடுமா? அந்த அதிகாரியே காய்ச்சல் இல்லாமலும் வலை இழுக்காதவர்தான். இந்தப் பிசகு நீலமேகத்துக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிசகுதான் அவருக்குச் சோறு போட்டது. திருத்தும் தெம்பும் அவரிடம் இல்லை.

பங்குனியில் ஒரு காலை, துணி மூட்டைகளுடன் கோட்டைப் படகு புறப்பட இருந்தது. சுக்கான் பிடிப்பவர் பசியாவரத்து ஊர்க்காரர் சின்னதம்பி, நீலமேகத்தின் தங்கை புருஷன். தங்கை லோகநாயகி முழங்கால் தண்ணீரில் நடந்து கம்பத்தடிக்கு வந்தாள்.

"அண்ணே, வழி எப்டி கீது?"

"மணல் ஏறியிருந்தா தட்டும். ஏறலேன்னா…"

"அத்த துபாஷிகிட்ட வச்சுக்க. படகுல போறது என் வூட்டுக்காரு. ஏறிகீதா, இல்லியா?"

"தண்ணி கலங்கிக் கீது. அலை உள்ளயே ஒடையுது. ஏறியிருக்கும்னு தோணுது. நிச்சயமாத் தெரியல லோகு."

"தோணுதுன்னு கோட்டைல சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"கொடி இல்லேன்னா வழி தொறந்துகீதுன்னு அவனுங்க நெனைக்கிறானுங்க. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"உன் பேச்சை நம்பி கஞ்சி காய்ச்சினா, வெந்தா வேகும், வேகலேன்னா வேகாது. புள்ளைங்க பட்டினிதான் கெடக்கணும்."

"ஏத்திட்டு, வழி நல்லா இருந்துட்டா மறுபடியும் பிரம்புதான், லோகு. முதுகு தாங்காது."

"ஏத்தாம, வழி அடைஞ்சிருந்தா?"

அதற்கும் எப்போதும் சரியாக இருக்கும் பதில் ஒன்று அவரிடம் இருந்தது. சொல்லவில்லை. எழுந்து குடிசைக்குள் போனார்.

அன்று எந்தப் படகும் முகத்துவாரத்தைத் தாண்டவில்லை. அதனால் தட்டியிருக்குமா, தட்டியிருக்காதா என்று யாராலும் காட்ட முடியவில்லை. அதிகாரி காரணம் கேட்டார். "அடைஞ்சிருக்குன்னு நெனச்சேன். தப்பாவும் இருக்கலாம்" என்றார் நீலமேகம். கௌஸ் மைதீன் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அப்படியும் பதவி போயிற்று.

உறுதியாகத் தெரியாமலே அன்று காலை நீலமேகம் கொடியை ஏற்றினார். சின்னதம்பியின் படகு கரையிலேயே நின்றது.