எல்லாம் ஜனவரி ஒன்றாம் திகதி

எங்கள் வீட்டுப் பட அல்பத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். தம்பியின் கல்யாணம் ஜனவரி ஒன்றாம் திகதி நடந்திருக்கிறது. அவன் மகளுக்குப் பேர் வைத்ததும் ஜனவரி ஒன்று. பாடசாலை விளையாட்டுப் போட்டி, கோயில் தேர், எங்கள் நாய் ஆறு குட்டி போட்டது எல்லாமே அதே நாள்தான். வருஷமும் அதே 2002. ஒவ்வொரு படத்திலும் வலது பக்க மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று விழுந்திருக்கும். "தாலி கட்டுன அன்னைக்கே புள்ளைக்குப் பேரும் வச்சாச்சா?" என்று தம்பி பெண்சாதியைக் கேலி செய்யாத ஆள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. நல்லவேளை, அவள் கோபப்பட மாட்டாள். எங்கள் வீட்டுக் கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் உள்ளங்கை அளவான ஒரு டிஜிட்டல் கெமரா. அப்போது நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சருக்குக் கனடாவில் இருந்த அண்ணன் அனுப்பிய கெமரா அது. ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது அதை என் கையில் வைத்தார். "இதை நீங்களே வைச்சிருங்கோ ரீச்சர். பற்றரி போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. இதோட மல்லுக்கட்ட உங்களாலதான் ஏலும்" என்றார். அது என் குணத்துக்குக் கொடுத்த சான்றிதழ் என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு என்னவோ பாராட்டென்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரக் கெமராதான். பித்தானை அமுக்கினால் கர்ரென்று மூக்கை நீட்டும். இன்னொரு பித்தானை அமுக்கினால் எதிர்மலையில் இருக்கிற ஃபெக்டரியின் புகைபோக்கி கிட்ட வந்து நிற்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி, முதுகில் இருந்த சின்னத் திரை. பழைய ஃபிலிம் கெமராவில் முப்பத்தாறு படமும் முடிகிற வரை காத்திருந்து, ஹட்டனில் கழுவக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போனால் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். இதில் எடுத்த கையோடு பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். லயத்துப் பெண்கள் அந்த 'அழி'யை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயய்யே, எம் மூக்கு இம்புட்டு அகலமா? அழிங்க டீச்சர், அழிங்க!" ஒரு நல்ல படத்துக்கு எட்டுப் படம் அழிப்பேன்.

குறைகளுக்கும் குறைவில்லை. பெட்டரியை அது தின்கிற வேகத்துக்கு எந்தக் கடையாலும் ஈடுகொடுக்க முடியாது. காலையில் போட்ட சோடி மத்தியானத்துக்குச் செத்திருக்கும், அதிலும் எங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம். மூடுபனியில் ஃபிளாஷ் அடித்தால் படம் முழுக்க வெள்ளைப் பொட்டாக விழும். பித்தானை அமுக்கினால் உடனே எடுக்காது, ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் நிற்கிறவர்கள் கலைந்து, தலையும் முதுகும்தான் மிஞ்சும். "அசையாதீங்க, இன்னும் எடுக்கல!" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டியது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதன் மறதி. பெட்டரி செத்தாலோ, கழற்றிக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலோ, அந்தச் சனியனுக்கு நாள் மறந்துபோகும். மறுபடி உயிர் வந்ததும் 2002 ஜனவரி ஒன்றிலிருந்து தொடங்கும். திருத்தினால் அடுத்த பெட்டரி வரை சரியாக இருக்கும். திகதியே விழாமல் நிறுத்தலாமென்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கூட வந்த புத்தகமோ பிரெஞ்சு மொழியில். ஒருநாள் கோபத்தில் அதைக் கட்டிலில் தூக்கி அடித்தேன். அதைப் பார்த்து அம்மா சிரித்தார்.

"அத ஏன்டி ஏசுற? பொறந்த நாளு தெரியாததுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுதானே போடுவாங்க. எனக்கும் அதுக்கும் ஒரே நாளு."

உண்மைதான். அம்மாவின் அடையாள அட்டையிலும் பிறந்த திகதி ஜனவரி ஒன்றுதான். அம்மா பிறந்தது மூணாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டிய வருஷம் என்பது மட்டுமே வீட்டில் தெரியும். தேயிலைச் செடிகளை நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அம்மாவைத் தோட்டத்தில் பேர் பதியக் கூட்டிப்போனபோது, அன்றைக்கு இருந்த கிளாக்கர் பழைய புத்தகங்களைப் புரட்டி, ஒரு கவ்வாத்து வருஷத்தைத் தேர்ந்து, நாள் தெரியாததால் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டார். அவர் எழுதியது 1946. அம்மாவின் கட்சி வேறு. தான் பிறந்தது அதற்கு அடுத்த கவ்வாத்தில், அதாவது நாலு வருஷம் பிந்தி என்று சாதிப்பார். "எங்கண்ணனுக்கும் எனக்கும் ஒரு கவ்வாத்து வித்தியாசம். அந்தக் கிளாக்கரு எங்கண்ணன் பொறந்த கவ்வாத்துல என்னையும் சேத்து எழுதிட்டாரு." யார் கேட்டார்கள்? புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான்.

அது வெறும் வீட்டுப் பேச்சாக இருந்த வரை எங்களுக்கும் சிரிப்புத்தான். 2005 முடிகிற நேரத்தில் ஆபீசிலிருந்து ஆள் வந்து, வருஷக் கடைசியோடு அம்மாவுக்குப் பேர் வெட்டுகிறார்கள் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. அறுபது ஆனவர்களின் பேரைச் செக்ரோல் என்ற வேலையாட்கள் பேரேட்டிலிருந்து எடுத்துவிடுவதைத்தான் பேர் வெட்டுவது என்போம். அம்மாவின் கணக்குப்படி அவருக்கு ஐம்பத்தாறு. கால் கை நன்றாக இருந்தது. அவருடைய கேங்கில் அவரை முந்திக் கொழுந்து எடுக்க இரண்டே பேர்தான் இருந்தார்கள். "என்னைய மலைக்கு வராதன்னா நான் எங்கடி போவேன்? காம்பராவுல குந்திக்கிட்டு செவத்தையா பாப்பேன்?" என்று கேட்டார். ஆபீசுக்குப் போய் இரண்டு தரம் சண்டை போட்டேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பிறகு அம்மா ஒன்று கேட்டார். கடைசி நாள் காலையில், பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், கூடையும் இடுப்பில் கட்டும் படங்குமாகக் கேங்கோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம்.

"ரோட்டோரம் நிக்கிறப்ப எத்தன வெள்ளைக்காரன் வேன நிப்பாட்டிப் படம் புடிச்சுட்டுப் போயிருக்கான். எம் மூஞ்சி எந்தெந்த ஊருலயோ தொங்குது. கூடையோட நான் எப்பிடி இருப்பேன்னு எனக்குத் தெரியாது."

வீட்டிலிருந்த அம்மாவின் படங்கள் எல்லாம் கல்யாண வீட்டுச் சேலையில் எடுத்தவை. வேலை உடுப்பில் ஒன்றுகூட இல்லை. நான்கூட அதுவரை எடுக்க நினைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலமே புதுப் பெட்டரி போட்டு, திகதியை 31.12.2005 என்று திருத்தி வைத்தேன். அம்மாவின் கடைசி வேலை நாளாவது சரியாக விழட்டும் என்று நினைத்தேன்.

காலையில் பெரட்டுக் களத்தில் பனி இடுப்பு வரை நின்றது. கேங்கில் இருபது பேர் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நடுவில் அம்மா. படங்கைப் புதிதாகத் துவைத்துக் கட்டியிருந்தார். நான் பித்தானை அமுக்கினேன். கெமரா மூக்கை நீட்டியது, உடனே உள்ளே இழுத்தது, அணைந்துபோனது. புதுப் பெட்டரி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தேயிலைக்குள் வீசியிருப்பேன்.

"டீச்சர், சுருக்கா முடிங்க. தொரை வந்துருவாரு" என்று கணக்கப்பிள்ளை கையைப் பிசைந்தார்.

"குடு இப்பிடி" என்று அம்மா இரண்டு பெட்டரியையும் வாங்கி, ஒன்றை இந்தக் கக்கத்திலும் மற்றதை அந்தக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றார். கேங் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. "அக்கா, குஞ்சு பொரிச்சிருச்சா?" என்றாள் ஒருத்தி. ஐந்து நிமிஷம் கழித்துச் சூடாக எடுத்துக் கொடுத்தார். போட்டேன். கெமராவுக்கு உயிர் வந்தது. என்னமோ கேட்டது, அவசரத்தில் சரி சரி என்று அமுக்கினேன். இந்த முறை பித்தானை அமுக்கியதும் கணக்கப்பிள்ளை "போதும், மலைக்குப் போங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். எல்லாரும் திரும்பினார்கள். கெமராவின் குணம் தெரிந்த அம்மா மட்டும் அசையாமல் நின்றார். அப்போதுதான் அது எடுத்தது. அதோடு பெட்டரியும் செத்தது.

ஹட்டனில் பிரதி எடுத்துக் கையில் வாங்கியபோதுதான் மூலையைப் பார்த்தேன். 01.01.2002. பெட்டரியைக் கழற்றியதில் அது மறந்திருக்கிறது, அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. பஸ் முழுக்க என்னையும் கெமராவையும் மாறி மாறி ஏசிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுற்றிலும் கலங்கலாகப் போகிற முதுகுகள், நடுவில் அவர் மட்டும் கூடையோடு தெளிவாக நிற்கிறார். அம்மாவுக்கு எழுத்து வராது. தராசு பார்த்துப் பழகியவர், இலக்கம் தண்ணீர்பட்டபாடு. மூலையைப் பார்த்தார், விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"நாலு வருசம்டி! சரியா நாலு வருசம்!"

அடுத்த நாள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். வேண்டாமென்றால் கேட்கிற ஆளா? நானும் பின்னாலேயே போனேன். இப்போதைய கிளாக்கர் நல்ல மனுஷர். படத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"தேதியப் பாருங்கய்யா. அன்னைக்கு நான் பெரட்டுல நிக்கிறேனா இல்லையா?"

"நிக்கிறீங்கம்மா."

"கடைசி நாளு எடுத்த படம் அது. அதுல 2002ன்னு இருக்கு. அப்ப எனக்கு இன்னும் நாலு வருசம் வேல இருக்கு. ஒங்க புத்தகத்துல போன நாலு வருசத்த எம் மக கெமரா திருப்பிக் குடுத்துருச்சு."

கிளாக்கர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்தினார். எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். "நான் வர்றதுக்கு முந்தியே எழுதுனதும்மா இது. என்னால ஒண்ணும் செய்ய ஏலாதே" என்றார்.

"தெரியும்யா. சும்மா காட்டிட்டுப் போக வந்தேன்."

திரும்பி வருகிற வழியில் அம்மா அழுதார். நானும் அழுதேன். அதற்கு முன் அம்மா அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோதுதான்.

அதன் பிறகு நான் திகதியைத் திருத்தவேயில்லை. ஒருமுறை திருத்தப் போனபோது, "அது பாட்டுக்கு இருக்கட்டும், கைய வைக்காத" என்று அம்மா சத்தம் போட்டார். படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். பக்கத்து ஆணியில் கூடையை மாட்டினார். அந்தக் கூடையை யார் கேட்டும் கொடுக்கவில்லை. விடிகாலையில் எழும்பி, தேத்தண்ணி குடித்து, கேங்கோடு பெரட்டுக் களம் வரைக்கும் நடந்து போவார். பேர் கூப்பிட்டு எல்லாரையும் மலைக்கு அனுப்பும் வரை ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வருவார். மழையென்றும் பார்க்கமாட்டார். நான் ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு குடை வாங்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

2009 டிசம்பர் கடைசி நாள். பெரட்டிலிருந்து வந்த அம்மா ஆணியிலிருந்து கூடையைக் கழற்றித் தூசி தட்டினார். தம்பி பெண்சாதியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். "இன்னைக்குத்தான் எனக்குப் பேரு வெட்டுது. இனி நீ வச்சுக்க" என்றார். அந்த நாலு வருஷத்தை நாங்கள் யாரும் எண்ணவில்லை, அவர் எண்ணியிருக்கிறார். நான் ஓடிப்போய் அலுமாரியிலிருந்து கெமராவை எடுத்து, பெட்டரி போட்டு, வாசலில் நிற்கிற அம்மாவை ஒரு படம் எடுத்தேன். வழக்கம்போல யோசித்துத்தான் எடுத்தது. திரையைக் காட்டினேன். அம்மா முதலில் மூலையைத்தான் பார்த்தார். அதே 01.01.2002.

"அடி ஆத்தே! மறுபடியும் மொதல்லருந்தா? போதும்டி, என்னால ஏலாது சாமி."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் ஜனவரி ஒன்றாம் திகதி. கேங் லயத்தைக் கடந்து போன சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினார்.