ஜன்னல் வைத்தவரின் தலைகள்

பழைய மந்திரியின் பிறந்தநாளுக்குப் போட்ட மேடையருகே இன்று காலை என் செருப்பில் ஒரு பீங்கான் துண்டு இடறியது. துடைத்தால் அவருடைய மூக்கும் பாதிக் கண்ணாடியும்.

"பழைய சில்லுங்க. மேடைக்கு அடியில கொட்டி நெரவிட்டோம்," என்றார் பந்தல்காரர்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பீங்கான் பொம்மைக் கூடத்தில்தான் என் அம்மா பொம்மைகளுக்குப் பிசிறு சீவினார். சுதந்திரம் வந்த புதிதில் மந்திரியான அவர் ஒருநாள் இங்கே வந்து, தூசிக்குள் இருமிக்கொண்டிருந்த பெண்களோடு மூட்டைமேல் உட்கார்ந்து, ஏன் ஒரு ஜன்னல்கூட இல்லை என்று கேட்டாராம். அந்த மாதமே மூன்று ஜன்னல்கள் வந்தன. பிறகு அவர் தலையையும் பொம்மையாகச் செய்தார்கள். சூளையில் விரிசல் விட்ட கிளியையும் யானையையும் தயங்காமல் உடைத்த பெண்கள், அவரை மட்டும் தொடவில்லை.

"ஜன்னலு வெச்சிக் குடுத்தவரு மண்டைய நான் எப்படிங்க ஒடைப்பேன்?" என்று அம்மா மேஸ்திரியிடம் கேட்டார்.

அதனால் சூளைக்குப் பின்னால், நெற்றி பிளந்தும் காது இல்லாமலும் அவர் வரிசையாக நின்றார்; மழை அந்தத் தலைகளில் டக் டக்கென்று விழும், வெயிலில் சூடேறிய அவற்றின்மேல் என் ஈரப் பாவாடையைக் காயப்போடுவேன்.

வெட்கங்கெட்டவர்கள், அத்தனை தலைகளையும் உடைத்துப் பரப்பி அவருக்கே மேடை போட்டிருக்கிறார்கள். போதாதென்று, கூடத்தின் மூன்று ஜன்னல்களையும் அடைத்து அவர் முகத்தை பேனராகக் கட்டியிருந்தார்கள்.

"அத அவுத்து வுடுங்க," என்றேன் பந்தல்காரரிடம்.

"கூட்டம் முடியட்டுங்க."

பேனருக்குப் பின்னால், கூடத்துக்குள் பிசிறு சீவிக்கொண்டிருந்த ஒரு பெண் இருமினாள்.