அப்பா வளர்த்த ஆபீசர்

என் அம்மாவின் தம்பி ராணுவத்தில் டிரைவர். லீவில் விருத்தாசலத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பனிமலை, துப்பாக்கி என்று பேசிக்கொண்டே இருப்பார். செராமிக் கம்பெனியில் சூளை சூப்பர்வைசராக இருந்த அப்பாவால் ஈடுகொடுக்க முடியாது. பீங்கான் ஃபியூஸ் கேரியர் சூளையில் வேகிற கதையை யார் கேட்பார்கள்?

ஒருநாள் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "நாங்க எத்தினி வருஷம் சர்வீஸ் போட்டிருந்தாலும் சரி மாமா, நேத்து வந்த பொடிப்பையன் ஆபீசரா இருந்தா வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சிதான் ஆவணும்."

அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

"அந்தப் பொடிப்பையன் ஆவறதுக்கு என்னா செய்யணும் மச்சான்?"

"அகாடமி இருக்குது மாமா. பிளஸ் டூவுல பரீட்சை எழுதலாம். ஆனா ஒடம்புதான் முக்கியம். தட்டைப் பாதமா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

மறுநாளே அப்பா கம்பெனியிலிருந்து களிமண் கொண்டுவந்து தாம்பாளத்தில் பரப்பி என்னை ஏறி நிற்கச் சொன்னார். தடத்தில் உள்வளைவு போதவில்லையாம். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தேன். "வூட்டுக்குள்ள திருடன் பூந்த மாதிரி இருக்குது" என்றாள் அம்மா.

விடிகாலையில் மணிமுத்தாற்றுப் பாலம்வரை ஓட்டம். அப்பா மொபெட்டில் பின்னாலேயே வருவார். என் வேகத்தைக் கூட்டியது அவரல்ல, கடைத்தெரு நாய்கள். பச்சை முட்டை, ஒட்ட வெட்டிய முடி, கூன் விழாமல் இருக்க முதுகில் கட்டிய மரச்சட்டம். காய்ச்சலில் படுத்தால், "ஆபீசருக்குக் காய்ச்சல் வரலாமாடா?" என்பார்.

"ஆபீசருக்கு வர வேணாம். இவன் ஏழாவதுதான படிக்கிறான், வந்துட்டுப் போவுது" என்று அம்மா ரசம் கொண்டுவந்து வைப்பாள்.

பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் நாள் வந்தது. "சண்டைக்குப் போறவனுக்கு கணக்கு எதுக்கு? வரலாறு எடு. எந்த ராஜா எப்படித் தோத்தான்னு தெரியணும்" என்றார் அப்பா. கணக்கிலிருந்து தப்பித்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன்.

பிளஸ் டூ படிக்கும்போது அப்பா கடலூருக்குப் போய்ப் பரீட்சைக்கான கைடு வாங்கிவந்தார். முதல் பாதி முழுக்கக் கணக்கு. கடைக்காரன் தவறிக் கொடுத்துவிட்டான் என்று திரும்பப் போய் மாற்றிக் கேட்டார். அதே கைடை வேறு அட்டையில் கொடுத்தார்கள்.

அன்றே மாமாவுக்கு போன் போட்டார். "கணக்கு இருக்குதுன்னு நீ சொல்லவே இல்லியே மச்சான்."

"நான் டிரைவர் மாமா. அந்தப் பரீட்சைய நான் எங்க எழுதினேன்?"

இருந்தாலும் சென்னைக்குப் போய் எழுதினேன். மற்ற பையன்கள் குனிந்து, நகத்தைக் கடித்து, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஹாலிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வேறு வேலையும் இல்லை.

திரும்பும் பஸ் மங்கலம்பேட்டைக்கு வந்தபோதுதான் அப்பா கேட்டார்: "நிமிந்து உக்காந்துதான எழுதின?"

"ஆமாம்பா."

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரிசல்ட்டில் என் நம்பர் இல்லை. நான் காலேஜில் வரலாறே சேர்ந்தேன். ஆனால் அப்பாவின் மதிப்பு ஊரில் ஏறிவிட்டது. பரீட்சைவரை பையனைக் கொண்டுபோனவர் என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்ணாடத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் வந்தார். அப்பா அவருக்கு டீ கொடுக்கச் சொல்லிவிட்டு, விவரமெல்லாம் பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க செஞ்ச தப்பு ஒண்ணுதாங்க. லேட்டா ஆரம்பிச்சிட்டோம். ஆறாவதுன்றது ரொம்ப லேட்டு. நீங்க மூணாவதுலயே ஆரம்பிச்சிடுங்க."

அவருடைய பையன் ஒன்றாம் வகுப்பாம். இன்னும் நாள் இருக்கிறது என்ற நிம்மதியோடு, "போயிட்டு வரேங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.