டாக்டர் பச்சையம்மாளும் ஒரு வெள்ளாட்டின் தொடையும்

வேங்கிக்கால் கருவூலத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் பச்சையம்மாள் காலமான செய்தி வந்தது. ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை விரல் ரேகை வைத்து அதை நிரூபிக்க வேண்டும். இயந்திரம் இரண்டு முறை என் கட்டைவிரலை ஏற்க மறுத்துவிட்டது. மூன்றாவது முறைக்காக விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். காலையில காபி குடிச்சிட்டு ஒக்காந்தாங்க. அவ்ளோதான்." அந்த நேரம் பார்த்து இயந்திரம் என்னை ஏற்றுக்கொண்டது. "உயிரோட இருக்கீங்க, போலாம் சார்" என்றார் எழுத்தர். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். இதைக் கேட்டால் அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. என்னை வேண்டுமானால் செய்துகொள்கிறேன். திருவண்ணாமலைக்கு வெளியே இருந்த ஒரு சின்ன கால்நடை ஆய்வு மையத்தில் நாங்கள் பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். தசை மூலச்செல்களை ஒரு விலங்கின் உடலில் வைத்து, இழந்த தசையை மறுபடி வளர்க்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. வளர்ந்ததாகச் சொல்லப்படுவதை மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, வளரவில்லை என்று சொல்வது என் வேலை. அவர் கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பம். நான் அண்ணாமலையார் கோயில் குருக்கள் குடும்பம். பரம்பரையில் முதன்முதலாகக் கத்தி பிடித்தவன் என்று என் சித்தப்பா என்னை எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார்.

தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் அந்த மூலச்செல்லுக்கு எங்கள் துறையில் சாட்டிலைட் செல் என்று பெயர். அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருமுறை சொந்த ஊர்ப் பள்ளியில் பேச அழைத்தார்கள். போய் இறங்கினால், 'கீழ்பென்னாத்தூர் தந்த சாட்டிலைட் விஞ்ஞானி' என்று பேருந்து நிலையம் வரைக்கும் தட்டி. மண்டபம் நிறைந்த கூட்டம். ராக்கெட் படம் போட்ட சால்வை. அவர் பேசி முடித்ததும் ஒரு விவசாயி எழுந்து, கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறோம், மழை எப்போது வரும் என்று உங்கள் சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் முன்வரிசையில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மேல இருக்கறது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க. உங்க தொடையில இருக்கறதுதான் என்னுது. சும்மா தூங்கிட்டு இருக்கும். அடிபட்டா எழுந்து வேலை பாக்கும். அடி ஜாஸ்தியாயி சதையே போயிட்டா, பாவம், அதுங்களும் அதோட போயிடும். வெளியில வளத்து உள்ள அனுப்ப முடியுமான்னு பாக்கறேன்." இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்த விவசாயி யோசித்துவிட்டு, அப்படியென்றால் மழையைப் பற்றி வேறு யாரைக் கேட்பது என்றார்.

எலிகளில் ஓரளவு கைகூடியதும் பெரிய விலங்கு ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் ஏழுமலை என்பவர் ராணி என்ற பெட்டை வெள்ளாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாய்கள் அதன் வலது பின்தொடையைக் குதறியிருந்தன. புண் ஆறிவிட்டது, சதை இருந்த இடத்தில் கையளவு பள்ளம். ஆடு மூன்று காலில் நின்றது. இனி கறிக்கடைதான் என்றார் ஏழுமலை. பச்சையம்மாள் தன்னிடம் விடச் சொன்னார். நடந்தால் தன் ஆடு தனக்குத் திரும்ப வேண்டும் என்று ஏழுமலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அதே வாரம், ஆய்வு முடிந்ததும் ஆட்டைக் கருணைக்கொலை செய்து தசையைப் பரிசோதிப்போம் என்று நான் எழுதிய படிவத்திலும் பச்சையம்மாள் கையெழுத்துப் போட்டார். இரண்டையும் படித்துத்தான் போட்டேன் என்று பிற்பாடு சொன்னார்.

ராணியின் நல்ல காலிலிருந்து துளித் தசை எடுத்து, சென்னையில் ஒரு ஆய்வகத்தில் அதன் மூலச்செல்களைப் பெருக்கி, பச்சையாக ஒளிரும் அடையாளமும் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து நாங்கள் இருவரும் பேருந்தில் கொண்டுவந்தோம். பெட்டியை அவர் மடியிலிருந்து இறக்கவே இல்லை. செஞ்சி தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மாள், உள்ளே என்ன மீனா என்று கேட்டார். "ஆட்டுத் தொடைங்க. இன்னும் ஆகல" என்றார் பச்சையம்மாள். அந்த அம்மாள் திருவண்ணாமலை வரைக்கும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஜெல்லியில் கலந்து அந்தப் பள்ளத்தில் செல்களை வைத்தாகிவிட்டது. வைத்தால் மட்டும் போதாது. வேலை கொடுத்தால்தான் அவை தசையாக இணையும். தினமும் நடத்த வேண்டும். மையத்தைச் சுற்றி வெறும் முள். ஆகவே அவர் ராணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காலையில் கிரிவலப் பாதைக்குக் கிளம்பினார். செங்கம் சாலையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆட்டை வணங்கினார்கள். யார் வேண்டுதல் என்று கேட்டவர்களிடம், "ஆட்டோட வேண்டுதல்தாங்க" என்பார். அவருக்குக் காய்ச்சல் வந்த ஐந்து நாள் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் நாளே சித்தப்பா எதிரில் வந்தார். என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "ஏண்டா, பூணூல் போட்டுண்டு ஆட்டைப் புடிச்சிண்டு எங்கடா போறே?" என்றார். பதில் சொல்வதற்குள் ராணி அவருடைய பூக்கூடையில் வாய் வைத்துவிட்டது.

பன்னிரண்டாம் வாரம் ராணி நான்கு காலும் ஊன்றி நடந்தது. எனக்கும் பச்சையம்மாளுக்கும் அன்றுதான் சண்டை வந்தது. நடப்பது சாட்சியாகாது என்றேன். பக்கத்துத் தசைகள் ஈடுகட்டலாம். உள்ளே வெறும் தழும்பாக இருக்கலாம். தொடையை முழுதாகச் சீவிப் பார்க்காமல் என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது. அவர் என்னை மறுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொல்றது சரிங்க. ஆனா ஏழுமலைக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். ஒன்பது நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தோம். பத்தாம் நாள் அவர் நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, ஆட்டைக் கொல்லாமல் ஊசியால் சிறு துண்டு மட்டும் எடுக்க அனுமதி வாங்கிவந்தார். முடிவு பலவீனமாகும் என்று தன் கையாலேயே அதில் எழுதியிருந்தார்.

துண்டு எடுக்க நானே போனேன். மரத்துப்போக ஊசி போடக் குனிந்தவன் அடுத்த கணம் தீவனத் தொட்டிக்குள் கிடந்தேன். மூக்குக்கண்ணாடி எங்கோ போயிற்று. பச்சையம்மாள் ஓடிவந்தார். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"எந்தக் கால்ல ஒதைச்சா?"

"வலது" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். வலதுதான், நாய் குதறிய கால். அவர் அழுதுகொண்டே என்னைத் தூக்கிவிட்டார். அழுகை என் முழங்காலுக்காக இல்லை.

நுண்ணோக்கியில், நாங்கள் வைத்த செல்களிலிருந்து வளர்ந்த பச்சை இழைகள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி அதே அளவு தழும்பும் தெரிந்தது. இரண்டையும் எழுதினேன். ஒரே ஒரு ஆட்டின் ஊசித் துண்டை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. ராணியை ஏழுமலை ஓட்டிப்போனார். ஒரு பத்திரிகை மட்டும் 'ஆட்டுக்குப் புதுத் தொடை' என்று போட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர், லாரி மோதித் தொடைச் சதை போன தன் அப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். ஏதாவது நம்பிக்கையாகச் சொல்லியனுப்பலாம் என்று நான் ஜாடை காட்டினேன். பச்சையம்மாள் அந்தப் பெரியவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "ஒரு ஆட்டுக்கு பாதிதான் ஆச்சுங்க. உங்களுக்கு என்னால ஆகாது" என்றார். பிறகு அதே ஆட்டோவில் ஏறி, அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார். மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்த் திருத்தம் கேட்டார். பாதித் தொடை என்பதெல்லாம் செய்தியாகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். அதுவரை என் மேசைக்கு வந்த துண்டுகளுக்கு எண் மட்டும்தான் இருந்தது. ராணிக்குப் பிறகு, முடிந்தபோதெல்லாம் விலங்கு உயிரோடு இருக்கும்போதே கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்ப்பேன்: 'காலையில் பார்த்தேன், நின்றபடி அசைபோட்டது.' இது எந்தப் பத்தியில் வரும் என்று மேலதிகாரிகள் கேட்டு எழுதினார்கள். நான் பதில் போடவில்லை. சேர்ப்பதை நிறுத்தவும் இல்லை.

அந்த வழக்கப்படி இதையும் எழுதி முடிக்கிறேன். டாக்டர் பச்சையம்மாளைக் கடைசியாகப் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தி மாடியில். எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார், கைப்பிடியைத் தொடாமல். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.