நூற்றிருபதுக்கு எண்பது

எங்கள் காலனியில் கர்ப்பமாக இருந்த பெண்கள் எல்லாருக்கும் ஒரு காலத்தில் ஒரே ரத்த அழுத்தம்தான். நூற்றிருபதுக்கு எண்பது. முதல் மாதத்திலிருந்து பிரசவம் வரை ஒரு புள்ளி ஏறாது, இறங்காது. பங்களாக்காரர்களுக்கும் வாய்க்காத ஆரோக்கியம் எங்களுக்கு வாய்த்திருந்தது.

படாளத்திலிருந்து உள்ளே போனால் முதலில் ஊர். அதைத் தாண்டி வயலோரமாகக் காலனி. தொண்ணூறுகளின் கடைசியில் மாதம் ஒரு தடவை நர்ஸம்மா மொபெட்டில் வருவார். ஊருக்குள் வீடு வீடாகப் போவார். எங்களுக்குத் தண்ணீர் டேங்க் வரைதான். மொபெட்டை விட்டு இறங்கவே மாட்டார். கர்ப்பிணிகளுக்கான கார்டுக்கு மட்டும் தீட்டில்லை போலிருக்கிறது, அதை வாங்கி எழுதித் தருவார். மாத்திரையைக் கைக்கு மேலே பிடித்து உள்ளங்கையில் போடுவார். கார்டில் எழுதுவதற்குப் பெயர்தான் பி.பி. பார்ப்பது என்று எங்கள் பெண்கள் நினைத்திருந்தார்கள்.

பகலில் நான் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். இதையெல்லாம் நேரில் பார்க்கவில்லை. என் தங்கைக்கு ஏழாம் மாதம் கால் வீங்கியது.

"தலை வலிச்சிகினே கீதுக்கா. நர்ஸம்மாகிட்ட சொன்னேன், உப்பைக் கொறைன்னாங்க."

"பி.பி. பாத்தாங்களா?"

"பாத்தாங்கக்கா. கார்டுல கீது பாரு."

பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது. சரி என்று படுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுந்தாள். வேன் பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிள்ளை தங்கவில்லை. பெண் குழந்தை. டாக்டரம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பி.பி. எல்லா மாசமும் நார்மலா இருந்திருக்கு. சில பேருக்குத் திடீர்னு ஏறி வலிப்பு வந்துடும்மா" என்றார். விதி என்று நாங்களும் அழுது முடித்தோம்.

மூன்றாம் நாள் தங்கைக்கு நன்றாக நினைவு வந்திருந்தது. அங்கிருந்த நர்ஸ் பி.பி. பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அவள் பயந்துபோய் என் புடவையைப் பிடித்தாள்.

"இது இன்னாக்கா? எதுக்குக் கைய இறுக்கறாங்க?"

ஆறு தடவை பி.பி. பார்த்ததாகக் கார்டில் இருப்பவள் கேட்ட கேள்வி அது.

காலனிப் பெண்களிடம் கார்டுகளை வாங்கிக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். பதினோரு கார்டு. எல்லாவற்றிலும் அதே எண், அதே பேனா. மனு எழுதிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். அவரும் காலனிக்குள் வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நர்ஸம்மாவுக்கு நாற்காலி, எங்களுக்கு வாசற்படி.

"உழைக்கிற ஒடம்பு சார். இவங்களுக்கெல்லாம் பி.பி. எங்க வரப்போகுது?" என்றார் நர்ஸம்மா.

வந்து, ஒரு பிள்ளையைப் புதைத்தும் ஆகிவிட்டது. அதை நான் கத்திச் சொன்னேன். சத்தம் போடாதே என்றார் அதிகாரி. என் ஜெராக்ஸ் தாள்களை என்னிடமே நீட்டினார்.

"நீ குடுத்த கார்டுலயே மாசாமாசம் பாத்ததா எழுதியிருக்கும்மா. அப்புறம் என்ன கம்ப்ளெயிண்ட்?"

திருடன் எழுதிக் கொடுத்த ரசீதைக் காட்டித் திருட்டே நடக்கவில்லை என்கிறார் மனுஷன்.

அவர் ஒரு தாளைத் தங்கை பக்கம் தள்ளினார். 'எல்லாப் பரிசோதனைகளும் முறையாகச் செய்யப்பட்டன' என்று முன்பே எழுதியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்காமலேயே கைநாட்டுக்கு மை டப்பாவையும் திறந்து வைத்தார். ஒன்பதாவது வரை படித்தவள் அவள். டப்பாவை மூடி ஒதுக்கிவிட்டு அவர் பேனாவை எடுத்தாள். அந்த வரியைக் குறுக்கே அடித்து, கீழே நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

'என் கையை யாரும் தொடவில்லை.'